கேள்வி பதில்: குப்பை மேட்டுப் பக்கத்தில் ஒரு வகுப்பு

சென்ற இதழில், பழைய கட்டடத்தை இடிக்கும்போது கதவுகளை உடைக்காமல் கழற்றி எடுங்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. மாணவர்கள், வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், ஒரு மேஸ்திரி, கணவரின் ஆணி டப்பாவைப் பற்றிப் புகார் சொல்லும் ஒரு வாசகி என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். சரி, இந்த இதழ் முழுக்கக் கட்டடக் குப்பைக்கே.

கேள்வி: கட்டடப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சுழற்சிப் பொருளாதாரம் (பொருளை எறியாமல் திரும்பத் திரும்பப் பயன்பாட்டிலேயே வைத்திருப்பது), பூஜ்ஜியக் கழிவு (எதையும் குப்பையாக வெளியே அனுப்பாமல் இருப்பது) என்று எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு அத்தியாயம்கூட இல்லை. நானாகக் கற்றுக்கொள்ள எங்கிருந்து தொடங்குவது சார்?

பதில்: தம்பி, புத்தகத்தை அப்புறம் திறக்கலாம். முதலில் வேலை நடக்கிற ஒரு கட்டடத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் அங்கே இருக்கும் குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். கையில் ஒரு நோட்டு, முடிந்தால் ஒரு தராசு. நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: என்ன வந்தது, எவ்வளவு வந்தது, ஏன் வந்தது. முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், மூன்றாவதுதான் உங்கள் படிப்பு.

உடைந்த செங்கல் வருகிறது என்று வையுங்கள். லாரியிலிருந்து கொட்டியதில் உடைந்ததா, இறக்கிய இடத்திலிருந்து இரண்டு தடவை இடம் மாற்றியதில் உடைந்ததா, இல்லை சுவரின் நீளம் கல்லின் அளவுக்குப் பொருந்தாததால் கொத்தனார் வரிசைக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டிருக்கிறாரா? மூன்றும் குவியலில் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் மூன்றுக்கும் பொறுப்பு வேறு வேறு ஆள். கெட்டிப்பட்ட சிமென்ட் மூட்டை கிடந்தால், அது தரையில் பலகை போடாமல் அடுக்கியதாலா, தேவைக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் போட்டதாலா என்று கேளுங்கள். ஒரு வாரம் இப்படி எழுதிவிட்டுப் பாருங்கள். அந்தக் குப்பையில் பெரும்பங்கு கொத்தனார் கையிலிருந்து வந்ததில்லை, வரைபடம் போட்ட மேசையிலிருந்தும் ஆர்டர் எழுதிய மேசையிலிருந்தும் வந்தது என்பது உங்கள் நோட்டிலேயே தெரியும். நாளைக்கு அந்த மேசையில் உட்காரப்போவது நீங்கள்தான் என்பதால் சொல்கிறேன்.

படிப்புக்கு வருவோம். இந்தச் சிந்தனைக்கு ஆரம்பம் போட்டவர்களில் முக்கியமானவர் வால்டர் ஸ்டாஹெல், சுவிட்சர்லாந்துக்காரர், அவரும் கட்டடக் கலைஞர்தான். 1976இல் ஜெனிவீவ் ரேடேயுடன் சேர்ந்து ஐரோப்பிய ஆணையத்துக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். இருக்கிற பொருளைப் பழுது பார்த்து அதன் ஆயுளைக் கூட்டினால் ஆற்றல் செலவு குறையும், ஆட்களுக்கு வேலை கூடும் என்பது அதன் சாரம். பாய்மரப் படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவந்த எலன் மெக்ஆர்தர் 2010இல் தொடங்கிய அறக்கட்டளையின் வெளியீடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நடுக்கடலில், படகில் ஏற்றிக்கொண்டு வந்ததைத் தவிர வேறு எதுவும் கிடையாது என்ற நிலையில் இருந்தவருக்கு இந்த விஷயம் சட்டென்று பிடிபட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கட்டடங்களுக்கான சுழற்சிப் பொருளாதாரம் பற்றி இணையவழிப் பாடம் நடத்துகிறது, அதையும் பாருங்கள்.

இன்னொன்று. பழைய கதவு நிலையோ ஒரு தடுப்புச் சுவரோ, எதையாவது உங்கள் கையாலேயே ஒரு தடவை சேதமில்லாமல் கழற்றிப் பாருங்கள். எங்கே ஆணி சதி செய்கிறது, எங்கே பசை விடமாட்டேன் என்கிறது என்பதெல்லாம் அரை நாளில் விளங்கிவிடும், எந்த வகுப்பிலும் அது வராது.

கேள்வி: இதெல்லாம் மறுசுழற்சிக்குப் புதுப் பெயர்தானே? இடித்த கான்கிரீட்டை உடைத்து ஜல்லியாக்குவது எப்போதிருந்தோ நடக்கிறதே?

பதில்: இல்லை. இதில் குழம்பினால் மற்றதெல்லாம் குழம்பும், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சிமென்ட் எப்படி வருகிறது? சுண்ணாம்புக் கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். எரிபொருள் புகை ஒரு பக்கம், அதைவிட அதிகமாகச் சுண்ணாம்புக் கல்லே உடைந்து கரியமில வாயுவை வெளியே விடுகிறது. உலகத்தில் மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் 7, 8 சதவீதம் சிமென்டிலிருந்து வருவது இதனால்தான். இப்போது அந்தக் கான்கிரீட்டை இடித்து நொறுக்குகிறீர்கள். உங்களுக்குக் கிடைப்பது ஜல்லி. சிமென்ட் திரும்பக் கிடைக்காது. அந்த ஜல்லியை மறுபடி கான்கிரீட் ஆக்கப் புதுச் சிமென்ட்தான் போட வேண்டும். போதாக்குறைக்குப் பழைய காரை ஒட்டிக்கொண்டிருப்பதால் அது தண்ணீரையும் அதிகமாகக் குடிக்கும், கலவையைப் பார்த்துப் பார்த்துப் போட வேண்டும். அதனால் நிறைய இடங்களில் அது சாலைக்கு அடியிலும் பள்ளம் நிரப்பவும் போய்விடுகிறது. ஒரு காலத்தில் தூணாக நின்றது பள்ளத்துக்குள் போய் முடிகிறது. குப்பை மேட்டுக்குப் போவதைவிட அது மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதைச் சுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதே கட்டடத்தின் இரும்பு உத்திரத்தை போல்ட் கழற்றி இறக்கி, சோதித்துப் பார்த்து, இன்னொரு கட்டடத்தில் உத்திரமாகவே ஏற்றினால் அதுதான் மறுபயன்பாடு. உருக்க வேண்டாம், உலை வேண்டாம். வரிசை இதுதான்: முதலில் தேவையே இல்லாமல் செய்வது, பிறகு இருக்கிறதை அப்படியே பயன்படுத்துவது, பழுது பார்ப்பது, அதற்கும் வழியில்லை என்றால்தான் நொறுக்குவதும் உருக்குவதும்.

புள்ளிவிவரம் படிக்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உருவாகும் மொத்தக் கழிவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டுமானக் கழிவும் இடிபாட்டுக் கழிவும்தான். அதில் 70 சதவீதத்தை 2020க்குள் மீட்க வேண்டும் என்று 2008இல் சட்டமே போட்டார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் பள்ளம் நிரப்புவதும் அந்த 70க்குள் அடக்கம். யாராவது பெருமையாக ஒரு சதவீதம் சொன்னால், அதில் எவ்வளவு பள்ளத்துக்குப் போனது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். டைல்ஸ், கம்பி எதை எடுத்தாலும் "சேதாரம் போகத்தான் செய்யும்" என்று சேர்த்தே கணக்குப் போடுகிறார்கள். இது உண்மையிலேயே தவிர்க்க முடியாததா?

பதில்: கொஞ்சம் சேதாரம் உண்மை. மீதி பழக்கம்.

டைல்ஸையே எடுத்துக்கொள்வோம். உங்கள் அறை 3.5 மீட்டருக்கு 4.1 மீட்டர், டைல்ஸ் 600 மில்லிமீட்டர் சதுரம் என்று வையுங்கள். அகலத்துக்கு ஐந்து முழு டைல்ஸ் போக அரை மீட்டர் மிச்சம், நீளத்துக்கு ஆறு போக அங்கேயும் அரை மீட்டர் மிச்சம். மொத்தம் 42 டைல்ஸ் வாங்க வேண்டும். அதில் 30 முழுசாகப் போகும், 12ஐ வெட்ட வேண்டும், வெட்டி விழுகிற நான்கு அங்குலத் துண்டுகள் எதற்கும் உதவாது. இப்போது அதே அறையை வரைபடத்திலேயே 3.6க்கு 4.2 என்று போட்டிருந்தால்? அப்போதும் 42தான். டைல்ஸுக்கு நடுவே விடும் இடைவெளிக் கணக்கை விட்டுவிட்டால் ஒரு டைல்ஸைக்கூட வெட்ட வேண்டாம், அறையும் பெரிதாகிறது. வெட்டும் சத்தம், தூசி, உடைந்து போகுமே என்று கூடுதலாக வாங்கிப் போடுவது எல்லாம் மிச்சம். பென்சில் கோடு நான்கு அங்குலம் நகர்ந்திருந்தால் போதும்.

கம்பிக்கும் இதே கதைதான். கம்பி பெரும்பாலும் 12 மீட்டர் நீளத்தில் வரும். உங்களுக்கு 5.2 மீட்டர் துண்டுகள் வேண்டும் என்றால் ஒரு கம்பியில் இரண்டு வரும், 1.6 மீட்டர் மிஞ்சும். அதை மூலையில் எறிந்தால் கம்பிக்கு 13 சதவீதம் போச்சு. ஆனால் 1.2 மீட்டர் ஜன்னலுக்கு மேலே போடும் லின்டலுக்கு, இரண்டு பக்கமும் 20 சென்டிமீட்டர் தாங்கலுக்குச் சேர்த்தால் வருவது அதே 1.6தான். தடிமனும் ஒத்துப்போனால் துண்டு நேராக அங்கே போய் உட்காரும். எந்தக் கம்பியிலிருந்து எந்தத் துண்டு என்ற பட்டியலை வெட்டுவதற்கு முன் எழுத வேண்டும், அவ்வளவுதான். வெட்டிவிட்டு எழுதினால் அது பட்டியல் இல்லை, வாக்குமூலம்.

ஒப்பந்தம் பேசும்போது, மிஞ்சிய முழுப் பெட்டி டைல்ஸையும் பிரிக்காத மூட்டைகளையும் விற்றவரே திரும்ப எடுத்துக்கொள்வாரா என்று முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: பின்னால் பிரித்தெடுக்கிற மாதிரியே கட்ட வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். பிரிந்து வருகிற கட்டடம் எப்படி உறுதியாக இருக்கும்? கேட்க வெட்கப்பட்டு வந்துவிட்டேன்.

பதில்: கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். போல்ட் போட்ட இரும்புப் பாலத்தின் மேல் ரயில் போகிறது, அதன் உறுதியில் யாருக்கும் சந்தேகம் இல்லையே! உறுதி என்பது ஒன்று, ஒட்டிக்கொண்டிருப்பது என்பது வேறு. பசை, சிமென்ட், நுரை இவை போட்டு இணைத்தால் பிரிக்கும்போது இரண்டு பொருளும் சாகும். ஸ்க்ரூ, போல்ட், ஆப்பு, மரத்தில் நாக்கும் காடியும் வைத்துச் செய்யும் இணைப்பு, இவற்றில் இரண்டும் பிழைக்கும்.

செங்கல் சுவரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரை இடிக்கும்போது காரை கல்லைவிட மென்மையாக இருப்பதால் முதலில் அதுதான் விட்டுக்கொடுக்கும். ஒவ்வொரு கல்லையும் எடுத்துக் கரணையால் நாலு தட்டுத் தட்டினால் சுத்தமாக வந்துவிடும். கெட்டியான சிமென்ட் காரையில் நிலைமை தலைகீழ், காரை உடைவதற்கு முன் கல் உடையும். கோபன்ஹேகனில் 2019இல் லென்டேகர் என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த 'ரிசோர்ஸ் ரோஸ்' குடியிருப்பில் பழைய செங்கலைப் பயன்படுத்த நினைத்தபோது இதே சிக்கல்தான். கல்லைத் தனியாகப் பிரிக்க முடியவில்லை. அதனால் பழைய சுவர்களைச் சதுர மீட்டர் கணக்கில் பலகை பலகையாக அறுத்தெடுத்து, அந்தத் துண்டுகளை அடுக்கிப் புதுக் கட்டடத்தின் முகப்பை அமைத்தார்கள். பார்க்க ஒட்டுப்போட்ட போர்வை மாதிரி அழகாகத்தான் இருக்கிறது, ஆனாலும் காரை மென்மையாக இருந்திருந்தால் இத்தனை அறுவை வேண்டியிருக்காது என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம், கட்டடம் என்பது ஒரே பொருள் இல்லை. அஸ்திவாரமும் தூண்களும் நூறு வருடம் நிற்கும், வெளிப்பூச்சும் ஜன்னலும் அதைவிடக் குறைவு, வயரிங்கும் பைப்பும் இன்னும் குறைவு, உள் தடுப்புகளைப் பத்து வருடத்துக்குள் மாற்றுவார்கள். இந்த அடுக்குக் கணக்கை ஃபிராங்க் டஃபி என்ற கட்டடக் கலைஞர் சொல்ல, ஸ்டீவர்ட் பிராண்ட் 1994இல் விரிவாக எழுதினார். ஆயுள் குறைந்ததை ஆயுள் நீண்டதற்குள் புதைக்காதீர்கள் என்பதுதான் அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது. பைப்பைக் கான்கிரீட்டுக்குள் புதைத்துவிட்டால், கசிகிற ஒரு பைப்புக்காக நல்ல தளத்தைக் கொத்த வேண்டிவரும். பைப்புக்கென்று ஒரு சந்து விட்டு, திறந்து மூட ஒரு பலகை வைத்தால் முடிந்தது.

எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் உதாரணம்: நெதர்லாந்தில் ட்ரையோடோஸ் வங்கியின் 2019 தலைமையகம், தாமஸ் ராவ் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. மரச் சட்டகம், இணைப்புக்கு 1,65,312 ஸ்க்ரூக்கள் என்று எண்ணியே வைத்திருக்கிறார்கள். எந்தப் பொருள் எங்கே, எவ்வளவு, எப்படி இணைத்தது என்ற பதிவும் உண்டு. இதைப் பொருள் கடவுச்சீட்டு என்கிறார்கள். உங்களுக்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டாம், பூச்சு வேலைக்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவுகோலோடு போட்டோ எடுத்து வையுங்கள், அதுவே பாதிக் கடவுச்சீட்டு.

கேள்வி: பழைய கதவு, செங்கல், கம்பி வாங்கிக் கட்டலாமா? பாதுகாப்பா?

பதில்: ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு. முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், பல வருடத்துக்கு முன் நானே மேற்பார்வை பார்த்த வேலை. இடித்த கட்டடம் ஒன்றிலிருந்து 11 மரக்கதவுகளை நிலையோடு பத்திரமாகக் கழற்றிக் கொண்டுவந்தோம், எல்லோருக்கும் ஒரே பெருமை. புதுக் கட்டடத்தில் அதற்குள் வாசல் திறப்புகளை ஒரே அளவில் எழுப்பி முடித்திருந்தார்கள். பழைய கதவுகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம். ஒன்று திறப்பைவிட இரண்டு அங்குலம் குறைவு, இன்னொன்று ஒன்றரை அங்குலம் அதிகம், உயரமும் அப்படியே. இழைத்தும் கட்டை கொடுத்தும் நான்கைப் பொருத்தினோம். மீதி ஏழு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்து, அடுத்த மழைக்காலம் முடியும்போது கரையான் அவற்றை எடுத்துக்கொண்டது. தப்பு முழுக்க என்னுடையது. கதவு கைக்கு வந்து, அளந்து, எண் போட்ட பிறகுதான் சுவர் எழும்ப வேண்டும். பழைய பொருளில் கட்டும்போது வேலையின் வரிசையே மாறுகிறது, இதை நான் யாரிடமும் படிக்கவில்லை, அந்த ஏழு கதவுகளிடம்தான் படித்தேன்.

இதைப் பெரிய அளவில் சரியாகச் செய்தவர்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் 2021இல் முடிந்த கே.118 கட்டடக்காரர்கள். பழைய தொழிற்கூடம் ஒன்றின் மேல் மூன்று மாடி. இரும்பு உத்திரங்கள் பாசல் நகரத்தில் பிரித்த ஒரு கட்டடத்திலிருந்து, வெளிப்படிக்கட்டு சூரிச்சில் இடித்த அலுவலகத்திலிருந்து. முதலில் பொருளைத் தேடி எடுத்து, பிறகுதான் வடிவத்தை முடிவு செய்தார்கள். எல்லாம் புதிதாகக் கட்டியிருந்தால் ஆகியிருக்கும் கரிம வெளியேற்றத்தில் சுமார் 60 சதவீதம் மிச்சம்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். செங்கல் என்றால் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள், கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமாகச் சத்தம் வந்தாலோ, விரல் நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தாலோ சுமை தாங்கும் சுவருக்கு வேண்டாம், தரைக்கோ தோட்டத்து நடைபாதைக்கோ போகட்டும். போல்ட் போட்ட இரும்பு உத்திரம் பொறியாளர் சோதித்துச் சொன்னால் தாராளமாகப் போடலாம். கான்கிரீட்டை உடைத்து உருவிய கம்பியைச் சுத்தியலால் நிமிர்த்தித் தூணுக்குப் போடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். வளைந்து நிமிர்ந்த இடத்தில் வெளியே தெரியாத விரிசல் இருக்கும், அது உருக்காலைக்கே போகட்டும், இரும்பு உருகி மறுபடி இரும்பாகத்தானே வரப்போகிறது.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடு இருந்தால் தொடாதீர்கள், உடைக்காதீர்கள், "நல்லாத்தானே இருக்கு" என்று மாட்டுத் தொழுவத்துக்கும் போடாதீர்கள். அந்த நார் நுரையீரலுக்குள் போனால் பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரலாம். பயிற்சி பெற்றவர்கள் மட்டும் கை வைக்க வேண்டிய பொருள் அது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் கதவை உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் கூடாது. சுற்றில் வைத்திருக்கக் கூடாத பொருளைச் சுற்றிலிருந்து வெளியேற்றுவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

கேள்வி: பிளாஸ்டிக் பாட்டிலில் மணலை அடைத்துச் சுவர் கட்டுகிறார்களே, அருமையான யோசனை இல்லையா?

பதில்: படத்தில் அருமை. காரைக்குள் போன பாட்டில் இனி பாட்டிலாகவும் வராது, பிளாஸ்டிக்காகவும் வராது, மணலும் மாட்டிக்கொண்டது. மூன்று பொருளைச் சேர்த்து யாராலும் பிரிக்க முடியாத நான்காவது ஒன்றைச் செய்திருக்கிறோம். தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பது தனிக் கவலை. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, கோபப்பட்டுக் கடிதம் எழுதுங்கள், படிக்கிறேன்.

கேள்வி: நான் மேஸ்திரி. குப்பையைத் தனித்தனியாகப் போடச் சொல்லி எட்டு டிரம் வைத்தார்கள். ஒரு வாரத்தில் எல்லாவற்றிலும் எல்லாம் கலந்துவிட்டது. ஆட்களைத் திட்டித்தான் திருத்த வேண்டுமா ஐயா?

பதில்: திட்டாதீர்கள், எட்டு டிரம் வைத்தவரைக் கேளுங்கள். தலையில் சட்டியோடு இறங்குகிற சித்தாள் எழுத்துக் கூட்டிப் படித்து எட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார் என்று எந்த மேசையில் உட்கார்ந்து யோசித்தார்களோ!

முதலில் நான்கோடு நிறுத்துங்கள்: கல்லும் காரையும், உலோகம், மரம், அட்டையும் பிளாஸ்டிக்கும். எழுத்துக்குப் பதிலாக அந்தப் பொருளில் ஒரு துண்டையே டிரம்மில் கட்டித் தொங்கவிடுங்கள். குப்பை எந்த இடத்தில் உண்டாகிறதோ அங்கேயே டிரம் இருக்க வேண்டும், நூறடி நடக்க வைத்தால் வழியில் எது கிடைக்கிறதோ அதில்தான் விழும். வேலையின் கட்டம் மாறும்போது டிரம்மும் மாற வேண்டும், பூச்சு வேலை நடக்கும்போது எதற்கு மர டிரம்?

ஃபால்ஸ் சீலிங் வேலை வந்துவிட்டால் ஜிப்சம் போர்டுக்கு மட்டும் ஐந்தாவதாக ஒன்று, அதுவும் நனையாமல். ஜிப்சம் கலந்த இடிபாட்டைப் புதுக் கான்கிரீட்டுக்கு ஜல்லியாக எடுக்கமாட்டார்கள், அதிலுள்ள சல்ஃபேட் கான்கிரீட்டைக் கெடுக்கும். குப்பை மேட்டில் காற்றில்லாமல் நனைந்து கிடந்தால் அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அது விஷம். ஒரு கூடை ஜிப்சம் ஒரு லாரி நல்ல இடிபாட்டைப் பாழாக்கிவிடும்.

வெட்டும் மெஷினுக்குப் பக்கத்திலேயே துண்டுகளுக்கு ஓர் அலமாரி அடியுங்கள், நீளவாரியாக. புதுப் பலகையில் கை வைப்பதற்கு முன் அலமாரியைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு விதி. கலவை மெஷினைக் கழுவிய தண்ணீரை மண்ணில் ஊற்றவிடாதீர்கள், அதன் காரத்தன்மை 12 பி.எச். அளவுக்கு இருக்கும், தோலைப் பொசுக்கும், செடியைக் கொல்லும். தொட்டியில் தெளியவிட்டு அடுத்த முறை கழுவ எடுத்துக்கொள்ளலாம். அஸ்திவாரம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்தால் கடைசியில் தோட்டத்துக்கு மண் வாங்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தை உங்கள் முதலாளியிடம் நீங்களே சொல்ல வேண்டும். சதுர அடிக்குக் கூலி என்று பேசிவிட்டுக் கல்லைச் சுத்தம் செய், துண்டைத் தேடு என்றால் யாரும் செய்யமாட்டார்கள், ஏன் செய்ய வேண்டும்? அந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்று ஆக்கினால்தான் நடக்கும்.

கேள்வி: பூஜ்ஜியம் என்றால் உண்மையிலேயே பூஜ்ஜியமா?

பதில்: நடைமுறையில் இல்லை. பூஜ்ஜியக் கழிவுக்கான சர்வதேசக் கூட்டணி, கழிவில் 90 சதவீதத்துக்கு மேல் குப்பை மேட்டுக்கும் எரியுலைக்கும் போகாமல் தடுத்தாலே பூஜ்ஜியக் கழிவு என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஜப்பானில் கமிகாட்சு என்ற சிற்றூர் 2003இல் பூஜ்ஜியக் கழிவு அறிவிப்பு வெளியிட்டது, குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள், இன்னமும் முழுப் பூஜ்ஜியத்தைத் தொடவில்லை. ஆனால் 2020இல் அவர்கள் கட்டிய பூஜ்ஜியக் கழிவு மையத்தின் முகப்பைப் பாருங்கள், ஊர்க்காரர்கள் கொடுத்த சுமார் 700 பழைய ஜன்னல்கள், ஒன்றுக்கொன்று அளவு சேராதவை, அத்தனையும் ஒரே கட்டடத்தில். என்னுடைய ஏழு கதவுகளை நினைத்து ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன்.

கேள்வி: அப்பா விட்டுச்சென்ற பழைய கட்டடம் இருக்கிறது. இடித்துவிட்டு எல்லாவற்றையும் மறுபயன்பாட்டுக்குக் கொடுத்துப் புதிதாகக் கட்டலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: இடிக்காமல் இருக்க முடியுமா என்று முதலில் பார்த்தீர்களா? நிற்கிற கட்டடத்தைவிடச் சிறந்த மறுபயன்பாடு கிடையாது. அஸ்திவாரத்தையும் தூண்களையும் ஒரு பொறியாளர் சோதிக்கட்டும். பிரான்சில் போர்தோ நகரத்தில் 1960களில் கட்டிய 530 வீடுகள் கொண்ட அடுக்குமாடித் தொகுதியை, ஆனி லகத்தோன், ஜான் பிலிப் வசால் என்ற இருவரும் கூட்டாளிகளோடு சேர்ந்து இடிக்காமல் புதுப்பித்தார்கள். பழைய முகப்புக்கு வெளியே புதுச் சட்டகம் எழுப்பி ஒவ்வொரு வீட்டுக்கும் கண்ணாடித் தாழ்வாரமும் பால்கனியும் சேர்த்தார்கள், வேலை நடக்கும்போது குடியிருந்தவர்கள் காலிகூடச் செய்யவில்லை. 2021இல் அந்த இருவருக்கும் கட்டடக்கலையின் மிக உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது.

இடித்தே ஆக வேண்டும் என்றால், இடிக்காதீர்கள், பிரியுங்கள். கட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசை: முதலில் ஆபத்தான பொருட்கள், அடுத்து மின்விளக்கு, ஸ்விட்ச், குழாய், கதவு, ஜன்னல், அப்புறம் கூரை, கடைசியில் சுவர். இயந்திரம் இரண்டு நாளில் முடிப்பதை இது இரண்டு வாரம் இழுக்கும், அந்த நாட்களைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் 2016இலிருந்து, 1916க்கோ அதற்கு முன்போ கட்டிய வீடுகளை இயந்திரம் விட்டு நொறுக்கக் கூடாது, கையால்தான் பிரிக்க வேண்டும் என்று சட்டம். பிறகு அந்த வருடத்தை 1940 வரை நீட்டினார்கள்.

கேள்வி: என் கணவர் கட்டடத்தில் கிடக்கும் வளைந்த ஆணிகளைப் பொறுக்கி, உட்கார்ந்து நிமிர்த்தி, டப்பா டப்பாவாகச் சேர்க்கிறார். இப்போது உங்கள் சுழற்சிப் பொருளாதாரத்தை வேறு துணைக்கு இழுக்கிறார். நீங்களாவது சொல்லக் கூடாதா?

பதில்: அம்மா, நான் அவர் கட்சி, மன்னியுங்கள். ஆணி ஒவ்வொன்றையும் கொல்லன் கையால் அடித்த காலத்தில் அதற்கு இருந்த மதிப்பே வேறு. அமெரிக்காவின் வர்ஜீனியா குடியேற்றத்தில் இடம் மாறிப் போகிறவர்கள் ஆணிக்காகவே பழைய வீட்டைக் கொளுத்திவிட்டுச் சாம்பலில் பொறுக்குவார்களாம். 1645 வாக்கில் அதைத் தடுக்கச் சட்டம் போட்டு, கொளுத்தாமல் விட்டால் அந்த வீட்டில் எத்தனை ஆணி இருக்கும் என்று மதிப்பிட்டு அத்தனை ஆணியைக் கொடுத்துவிடுகிறோம் என்றார்கள்.

உங்கள் கணவரிடம் இரண்டே நிபந்தனை போடுங்கள். நிமிர்த்திய ஆணி படம் மாட்டவும் பெட்டி அடிக்கவும் மட்டும், ஆள் ஏறுகிற சாரத்துக்கும் கூரைக்கும் கூடாது. அப்புறம், டப்பாவுக்கு டப்பா நீளத்தை எழுதி ஒட்டச் சொல்லுங்கள். எந்த டப்பாவில் எது என்று தெரியாவிட்டால் அடுத்த வேலைக்கு அவரே கடைக்குப் போய்ப் புது ஆணி வாங்கிவருவார்.